சிவப்பு நூல் கட்டிய சடை

விக்குக்கு முடி வளராது. வளர்ந்தால் அதற்குப் பேர் விக் இல்லை. பதினாறு வருஷமாக அதே தொழிலில் கிடக்கிற தலைக்காரிக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில் மகளின் விக்கை அலசி மரத்தலையில் மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட உச்சியிலிருந்து நுனிவரை டேப்பை இழுத்துப் பார்த்து, பதினெட்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருக்கக் கண்டபோது, அவள் டேப்பைத்தான் சந்தேகப்பட்டாள். பக்கத்து மேசையிலிருந்து வேறு டேப் எடுத்துவந்து அளந்தாள். அதுவும் பத்தொன்பது என்றது.

"அக்கா, இதைக் கொஞ்சம் நீங்க அளந்து பாருங்களேன்."

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் திருப்பவேயில்லை. "ஏம்மா, ஈர முடி கொஞ்சம் நீண்டுதான் தொங்கும். இது கூடவா மறந்துபோச்சு? போய் முதல்ல கண்ணாடி வாங்கிப் போடு. நாற்பத்தஞ்சு ஆச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதான்."

சரிதான், ஈரமாகத்தான் இருக்கும் என்று தலைக்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காயவைத்து அளந்தபோதும் அதே பத்தொன்பதுதான். அவள் யாரிடமும் சொல்லாமல் கத்தரியை எடுத்து ஓர் அங்குலத்தை நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அந்த அறை புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. பகல் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மெஷின்கள் துணியை உருட்டிக்கொண்டே இருக்கும். சோப்பு வாசமும் ஆவியும் ஜன்னல் வழியாக வரும். பல ஊர்களிலிருந்தும் பெண்கள் தானமாக வெட்டி அனுப்புகிற கூந்தல் இங்கேதான் வந்து சேரும். மருந்து ஏறி முடி கொட்டிப்போனவர்களுக்கு அதில் விக் செய்து சும்மாவே கொடுப்பார்கள். நாளெல்லாம் அலமாரி நிறைய மரத்தலைகளோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று வார்டு நர்சுகள் வைத்த பேர்தான் தலைக்காரி. அவளும் அதைக் கோபித்துக்கொண்டதில்லை.

அங்கே இரண்டு வழக்கம் உண்டு. முதலாவது, முடியின் வேர்ப்பக்கத்தையும் நுனிப்பக்கத்தையும் கலக்கக் கூடாது. வெட்டிய சடையை அவிழ்க்குமுன் வேர்ப்பக்கத்தில் நூல் கட்டிவிடுவார்கள். தலைகீழாகக் கலந்துபோன முடி ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு பத்தே நாளில் அடைபோல் இறுகிவிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் சிக்கெடுக்க முடியாது. இரண்டாவது, நூலின் நிறம். தானமாக வந்த முடிக்கு வெள்ளை நூல். சில நோயாளிகள் சிகிச்சை தொடங்குமுன்னே தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்து, அதையே விக்காகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சடைக்குச் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டிய சடையிலிருந்து ஓர் இழைகூட இன்னொருத்தர் தலைக்குப் போகக் கூடாது.

போன வருஷம் ஒரு டீச்சர் வந்தாள். கணக்கு டீச்சர், முப்பத்தைந்து வயசு இருக்கும். துவைத்த தலையணை உறைக்குள் தன் சடையைப் பத்திரமாகப் போட்டு எடுத்து வந்திருந்தாள். மேசைமேல் அதை வைத்தபோது மெஷின் அக்காகூட மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். மணிக்கட்டு கனம், கன்னங்கரேலென்று, ஒரு பிளவு இல்லை, ஒரு நரை இல்லை.

"என் முடி எனக்கேதானே வரும்?" என்று கேட்டாள் டீச்சர்.

"சிவப்பு நூல் கட்டியாச்சு டீச்சர். உங்களுது உங்களுக்கேதான். நிம்மதியாப் போய் மருந்து ஏத்திக்கோங்க."

அதைச் சொன்னபோது தலைக்காரி உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அதே மாதம்தான் அவளுடைய ஒரே மகள் சிட்டுவுக்குச் சிகிச்சை முடிந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதையும் நோய் வாசல்வரை இழுத்துக்கொண்டு போய், என்ன நினைத்ததோ, திருப்பி விட்டிருந்தது. பதினெட்டு வயசுப் பெண், கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது, தலையில் ஒரு பூனைமுடி கூட இல்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். எந்தத் தாய்க்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கும்?

வார்டில் ஒருநாள் டீச்சரின் கோப்பு திறந்து கிடந்தது. தலைக்காரிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. டீச்சர் தேற மாட்டாள். அந்தச் சமயத்தில் தலைக்காரியின் மனசில் ஒரு வார்த்தை ஓடியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முழுசாக நினைத்தாள்: போகப் போறவளுக்கு எதுக்கு இவ்வளவு முடி?

அன்று மெஷின் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் நூலை மாற்றிக் கட்டினாள். டீச்சரின் சடைக்கு வெள்ளை, அது சிட்டுவுக்கு. சிக்கெடுக்கிற ஆணிச்சீப்பின் அடியில் உதிர்ந்து வாரக்கணக்கில் மூட்டை கட்டிக் கிடந்த, எது வேர் எது நுனி என்று தெரியாத யார் யாருடைய கழிவு முடியையோ அள்ளி, அதற்குச் சிவப்பு; சாயம் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை.

டீச்சர் தன் விக்கை வாங்கித் தலையில் வைக்கவில்லை. இரண்டு விரலால் தொட்டதுமே நிமிர்ந்தாள். "இது என் முடி இல்லை."

"மருந்து ஏறினா விரல் மரத்துப் போகும் டீச்சர். எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். இது உங்களுதேதான்."

"விரல்தான் மரத்திருக்கு. புத்தி மரக்கலை." சத்தம் போடவில்லை. தப்பான விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டு, அந்த விக்கை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை நாற்காலியில் உட்காரக்கூடத் தெம்பில்லை. தலைக்காரி உள்ளே இருந்துகொண்டே ஆளில்லை என்று சொல்லச் சொன்னாள்.

மறு திங்கட்கிழமை அளந்தபோது பத்தொன்பதரை.

இந்தத் தடவை அவள் மெஷின் அக்காவைக் கூப்பிடவில்லை. முடிக்குள் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். ஷாம்பு வாசனை, சலவை ஆவியின் வாசனை, அதற்குக் கீழே, மூச்சை நன்றாக இழுத்தால் மட்டும் எட்டுகிற ஆழத்தில், வறண்ட, நமநமவென்று மூக்கை அரிக்கிற சாக்பீஸ் தூள் வாசனை. எத்தனையோ தடவை அலசிய முடி. கொக்கி ஊசியை எடுத்து, வலைத்தொப்பியின் ஓரத்தில் தான் போட்ட முடிச்சுகளில் ஒன்றை நெகிழ்த்தி, ஒற்றை இழையை உருவினாள். வரவில்லை. அழுத்தி இழுத்தாள். 'டப்' என்று ஒரு சின்ன அதிர்வு விரலில் தெரிந்தது, தலையிலிருந்து முடியைப் பிடுங்கும்போது தெரியுமே, அதே அதிர்வு.

கத்தரித்து எடுத்த முடிக்கு வேர் இருக்காது. மொட்டையாகத்தான் இருக்கும். இந்த இழையின் அடியில் வெள்ளையாக, ஈரமாக, கடுகில் பாதி அளவுக்கு வேர் இருந்தது.

அவள் அதை மேசையில் துடைத்தாள். மறுபடி கையைத் துடைத்தாள். அன்று சாயங்காலம்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சொந்த முடி இன்னும் முளைக்காவிட்டாலும், வீட்டில் சிட்டு சந்தோஷமாக இருந்தாள். அதுதான் கொடுமை. கல்லூரியில் தோழிகள் கூந்தலைத் தொட்டுத் தொட்டுப் பொறாமைப்படுகிறார்களாம். கொண்டுவந்த விக்கைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள் ஆபீஸ்லயே இருக்கட்டுமே" என்று தலைக்காரி இழுத்தாள். மகள் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"அது இல்லாம ஒரு நாள் இருக்கிறதே கஷ்டமா இருக்கும்மா. போட்டுக்கிட்டா யாரோ தலையைக் கோதிவிடுற மாதிரி இருக்கு. தூக்கம் அப்படியே சொக்குது."

"யாரு கோதிவிடுறாங்க?"

"போம்மா, நீ வேற. மாதிரின்னு சொன்னேன்."

அதன்பிறகு சிட்டு அதைக் கழற்றவேயில்லை. குளித்தாலும் அதோடுதான், தூங்கினாலும் அதோடுதான். மூன்றே வாரத்தில் கூந்தல் இடுப்பைத் தாண்டியது. சிட்டுவோ மெலிந்துகொண்டே வந்தாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்து, "நோய் எதுவும் திரும்பலைம்மா, எடைதான் ஏன் குறையுதுன்னு புரியலை" என்றார். தலைக்காரிக்குப் புரிந்தது. மகளின் கழுத்தெலும்புக்கு மேலே, பளபளவென்று, கொழுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது அது.

வியாழக்கிழமை டீச்சரின் புருஷன் வந்தார். நின்றபடியே ஒரு காகித உறையை நீட்டினார்.

"அவ தவறி இன்னையோட ஒரு மாசம் ஆகுது. இதை உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தா. எனக்குத்தான் இந்தப் பக்கம் வர மனசு வரலை."

உறைக்குள் அந்த விக் இருந்தது. விக் என்று சொல்ல முடியாது. இறுகி அடையாகிப்போன ஒரு கறுப்புக் கட்டி. கூடவே ஒரு துண்டுச்சீட்டு. கோடு போட்ட மாதிரி நேரான, அழகான கையெழுத்து. 'உங்களுடையதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னுடையதை அனுப்பவும்.'

"வேற வழியில்லாம ஒருநாள் இதைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனா," என்றார் அவர். "பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. அப்புறம் கடைசிவரைக்கும் வீட்டைவிட்டு வெளியே வரலை. தலைக்குத் துணி கட்டாம என்னைக்கூட உள்ளே விடமாட்டா. அவளோட முடி என்னாச்சும்மா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றாள் தலைக்காரி. வாய் பழகிப்போயிருந்தது.

ஆனால் அன்று ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் முடிவுக்கு வந்துவிட்டாள். முடியை எடுத்து அந்த மனுஷன் கையில் கொடுத்துவிட வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழ வேண்டும். பிள்ளை பிழைத்தால் போதும்.

சிட்டுவின் விக்கில் நான்கு கிளிப்புகள் உண்டு. காலையில் தலைக்காரி கையை உள்ளே விட்டுத் தேடினாள். ஒரு கிளிப்பும் தட்டுப்படவில்லை. ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கியதற்கே சிட்டு வீடு அதிரக் கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு வேலையறையைத் திறந்தாள். விடுமுறை. அறை சாவி அவளிடம்தான் இருக்கும். பக்கத்துச் சலவைக்கூடத்தில் மெஷின்கள் ஓடவில்லை. பதினாறு வருஷத்தில் அந்தச் சுவர் இத்தனை அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. ஜன்னலில் வெயில் கொட்டியது. கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மகளை உட்காரவைத்தாள். கூந்தல் நாற்காலி முதுகைத் தாண்டித் தரையைத் தொட்டது.

"சிட்டு, அம்மா ஒண்ணு சொல்றேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் என்னைத் திட்டாதே."

சொன்னாள். டீச்சர், தலையணை உறை, நூல், கோப்பு, அந்த நினைப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக்குள் சிட்டுவின் ஒட்டிய முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சீ," என்றாள் சிட்டு கடைசியில். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. "மொட்டைத்தலையோட சுத்தினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. உனக்கும் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கே. எடுத்துடு. எனக்கு வேண்டாம். அவங்களுக்கே குடுத்துடலாம்."

தங்கமான பிள்ளை. யாருக்குப் பிறந்ததோ.

தலைக்காரி மகளின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். காலி அறையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "டீச்சர், தப்புப் பண்ணிட்டேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். இது உங்களுது. எடுத்துக்கோங்க. ஓர் இழைகூட விடாம எடுத்துக்கோங்க."

சாக்பீஸ் வாசனை வந்தது. மெலிதாக இல்லை. அறை முழுக்க.

அவள் கொக்கி ஊசியையும் சின்னக் கத்தரியையும் எடுத்தாள். காது ஓரத்தில் வலை தெரிந்தது. முடியில் கத்தரி படாமல் வலையின் இழையை மட்டும் வெட்டினாள். சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு இழை. இன்னொன்று. நுணுக்கமான வேலைதான், ஆனால் கை அறிந்த வேலை. அரைமணி நேரத்தில் வலையின் ஒரு துண்டு கையோடு வந்தது. பிறகு கழுத்துப்பக்கம். பிறகு உச்சி. ஒவ்வொரு துண்டையும் மேசைமேல் வைத்தாள். நெற்றி ஓரத்துத் துண்டும் வந்தது. நான்கு கிளிப்பும் வந்தன. தொப்பி முழுசும் துண்டு துண்டாக மேசையில் கிடந்தது.

எல்லாம் வெறும் வலை. ஒரு துண்டில்கூட முடி இல்லை.

முடி சிட்டுவின் தலையில் இருந்தது.

கண்ணாடியில் சிட்டு பார்த்தாள். கையை மெதுவாக உயர்த்தி, வகிட்டில் வைத்தாள். வகிட்டில் வலை இல்லை. தோல் இருந்தது. வெளுத்த, உயிருள்ள தோல். ஒரு கத்தையைச் சுண்டி இழுத்தாள்.

"ஆ... வலிக்குது. அம்மா, வலிக்குதும்மா!" அழுதுகொண்டே சிரித்தாள். "முளைச்சிருக்கும்மா! இது என் முடி!"

தலைக்காரி நாற்காலிக்கு முன்னால் வந்து மண்டியிட்டு மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளும் நம்பினாள். மன்னித்துவிட்டாள். டீச்சர் பெரிய மனசுக்காரி. மன்னித்துவிட்டாள்.

"அம்மா," என்றாள் சிட்டு. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "கொஞ்சம் மெதுவா. இவ்வளவு இறுக்கிப் பின்னாதே."

"என்னடி?"

"தலை சுருக்குன்னு இழுக்குதுல்ல. தளர்த்திப் பின்னு."

தலைக்காரி தன் கைகளைப் பார்த்தாள். மகளின் கைகளுக்குள் இருந்தன. இரண்டும்.

எட்டிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. வெயில். சுவர். அலமாரி. கூந்தல் மட்டும் தரையிலிருந்து எழும்பி நின்றது. மூன்றாகப் பிரிந்திருந்தது. வலது நடுவே வந்தது. இடது நடுவே வந்தது. வலது. இடது. அவசரமே இல்லை. சீராக, கோணல் இல்லாமல், ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சிட்டுவின் முகவாய் ஓர் அங்குலம் மேலே.

"அம்மா? நீ இங்க இருக்கே. அப்போ பின்னால யாரு?"

சடை நுனிவரை போய் நின்றது. நுனியில் முடிச்சு விழுந்தது.

"டீச்சர்," என்றாள் தலைக்காரி. "டீச்சர், வேண்டாம். முடியைத்தான் சொன்னேன். முடியை மட்டும்தான் சொன்னேன்."

கத்தரி. கத்தரி எங்கே? மேசைமேல். பாய்ந்து எடுத்தாள். சடையின் நடுவில் வைத்து அழுத்தினாள். கத்தரி கடித்த இடத்தில் கறுப்பு முடியின் ஊடாகச் சிவப்பாக ஊறியது. சிட்டு அலறினாள். தலைக்காரி கத்தரியை வீசினாள்.

சடை மெல்ல மேலே போனது. நீண்டு, விறைத்து, நேராக. நிற்கிற ஒரு பெண்ணின் நெஞ்சு உயரத்தில் அதன் நுனி நின்றது, யாரோ இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருப்பதுபோல. பிடியின் கீழே காற்று. பிடிக்குப் பின்னால் வெள்ளை வெயில்.

இழுப்பு ஆரம்பித்தது.

நாற்காலி பின்னோக்கி ஒரு சாண் நகர்ந்தது. கால்கள் தரையைக் கீறின. தலைக்காரி மகளின்மேல் விழுந்து இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்தாள். கட்டைவிரல்களை நெற்றியில் ஊன்றி, முடி தொடங்குகிற கோட்டில் அழுத்தி, உயிர் போகிற மாதிரி அழுத்தினாள். சிட்டு கண்ணை அகலத் திறந்து அம்மாவையே பார்த்தாள். வாய் திறந்திருந்தது.

அந்தப் பக்கம் வெறியில்லை. கோபத்தில் வருகிற உதறல் இல்லை. காத்திருந்து பழகிய கை. நிதானமாக இழுத்தது.

கட்டைவிரல்களுக்குக் கீழே, கூந்தல் தொடங்கும் இடத்தில், நெற்றித் தோல் ஒரு நூல் அகலத்துக்குப் பின்னால் நகர்ந்தது.

அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

இன்னொரு நூல்.